வராத ரயிலுக்கு ஒரு மௌனம்

கண்ணாடிக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை அளக்க டேப் எல்லாம் தேவையில்லை. எட்டிக் கைகுலுக்கினால் போதும். தெருவின் தலைக்கு மேலே, யானைக்கால் தூண்களின் மேல் தூக்கி வைத்த ஸ்டேஷன் அது. அவர் குடியிருந்தது மூன்றாம் மாடி. ஸ்டேஷனைக் கட்டியவருக்கும் மாடிகளைக் கட்டியவருக்கும் ஏதோ தீராத பகை இருந்திருக்க வேண்டும். ஒருவர் மூக்கின் மேல் இன்னொருவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ரயிலுக்குக் காத்திருக்கும் ஜனங்கள் அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். ஒருநாள் அவர் மனைவி அடுப்பை மறந்துவிட்டு உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பிளாட்பாரமே ஒரே குரலில் "அம்மா, பால் பொங்குது!" என்று அலறியது. இன்னொரு நாள் கண்ணாடிக்காரர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றார். எதிரே நின்ற ஒரு பெண்மணி உதட்டைப் பிதுக்கினார். இவர் உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து காட்டினார். பெண்மணி யோசித்துத் தலையசைத்த பிறகுதான் கடைக்குக் கிளம்பினார்.

கடை ஸ்டேஷனுக்கு நேர் கீழே. மூக்குக் கண்ணாடிக் கடை. மேலே ரயில் போகும்போதெல்லாம் எழுத்துப் பலகை ஆடும். அதனால் அவரிடம் கண்ணைச் சோதிக்க வருகிறவர்களில் பலர் நல்ல பார்வையோடு வந்து பெரிய சந்தேகத்தோடு திரும்புவார்கள். ஆனாலும் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. காரணம் கண்ணாடி இல்லை, அவர் வாய். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தூக்கத்திலும் பேசுவார். பல் டாக்டர் வாய் நிறைய ஆயுதங்களைத் திணித்து வைத்திருந்த வேளையிலும் அவருக்கு வீடு வாங்குவது பற்றி யோசனை சொன்னவர்.

அவரை நிறுத்தக்கூடிய ஒரே சக்தி ரயில்தான்.

ரயில் வருகிறது என்றால் அந்த வீட்டில் ஆளுக்கொரு பொறுப்பு. கண்ணாடிக்காரர் ஒரு கையால் தண்ணீர் ஜக்கையும் மறு கையால் டீக் கோப்பையையும் பிடித்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் இரண்டும் மேசையின் ஓரத்துக்கு உலாவப் போய்விடும். பாலர் பள்ளியில் டீச்சராக இருக்கும் அவர் மனைவி, கண்ணாடி ஷோகேஸின் மேல் முதுகைச் சாய்த்து இரண்டு கைகளையும் விரித்துக்கொள்வார். பேக்கரியில் கேக்குக்குப் பூவேலை செய்யும் மகள், சுவரில் மாட்டிய குடும்பப் படத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொள்வாள். பேச்சு எந்த எழுத்தில் இருந்ததோ அந்த எழுத்தில் நிற்கும். "நாளைக்கு வரும்போது சோப்பு வாங்—" என்று டீச்சர் நிறுத்துவார். ரயில் வந்து, நின்று, ஆளை ஏற்றி, கதவைச் சாத்தி, போகும். "—கிட்டு வாங்க" என்பார். கொட்டாவி பாதியில் நின்று, ரயில் போனபின் மீதியும் வந்து சேர்ந்த சம்பவம் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவர்களில் யாருக்கும் தெரியாது. கண் இமைப்பதை யார் கவனிக்கிறார்கள்?

சத்தம் தாங்கவில்லை என்று மாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து புகார் கொடுத்ததில், ரயில் கம்பெனி ஒரு இளைஞனை அனுப்பியது. வேலை, சத்தம் அளப்பது. கையடக்கமான ஒரு பெட்டியோடு வந்தான். கண்ணாடிக்காரர் அவனுக்குச் சத்தக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். இத்தனைக்கும் அவன் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். ரயில் வந்தது. பெட்டி மெதுவாக நடந்து மேசை ஓரத்துக்குப் போய்க் குதித்தது. மகள் ஒரு கை குடும்பப் படத்தில் இருக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் மறு கையால் அதைப் பிடித்தாள். சத்தக்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அளவைப் பார்க்க மறந்துபோனான். மறுநாள் மறுபடி வர வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும். அந்த வீட்டுச் சத்தம் அளக்கப்பட்ட அளவுக்கு உலகத்தில் எரிமலைச் சத்தம்கூட அளக்கப்பட்டிருக்காது.

காதல் வரைக்கும் எல்லாம் சுகமாகப் போயிற்று. அவன் பெற்றோர் யார் என்று தெரிந்தபோதுதான் சிக்கல் வந்தது. அம்மா காது டாக்டர். அப்பா நூலகர்.

"டிக் டிக்னு சத்தம் போட்டதுன்னு சுவர்க் கடிகாரத்தையே வீட்டை விட்டு அனுப்பிட்டாங்களாம்பா," என்றாள் மகள், அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தபின். "எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாங்க. கடிச்சேன். மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீயில ஊற வெச்சு முழுங்கினேன். மூச்சு விடறதுக்கே பயமா இருந்துச்சு."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

மகள் சற்றுத் தயங்கினாள். "தண்டவாளத்துப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்குப் பாதிக் காது போயிருக்கும், மீதிப் பாதி கோவமாயிருக்கும்னு சொன்னாங்களாம். வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

"கோவமா? யாருக்கு? எனக்கா?" என்று கண்ணாடிக்காரர் போட்ட சத்தத்தில் ஷோகேஸ் ரயில் இல்லாமலே ஆடியது.

"அவங்க மனசாரச் சரின்னு சொல்லணும்பா," என்றாள் மகள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம். அவங்க வேண்டாம்னா விட்டுடறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதைக் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வேறு சிந்தனையே இல்லை. இந்த டாக்டரம்மா சரி என்று சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான்.

வழியைச் சத்தக்காரனே கொண்டுவந்து கொடுத்தான். தண்டவாளப் பராமரிப்புக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் முழுநாளும் ரயில் ஓடாது என்று பேச்சுவாக்கில் சொன்னான். கண்ணாடிக்காரர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மாவை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க! இந்த வீடு அன்னைக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பஞ்சு மாதிரி இருக்கும்!"

"அது ஏமாத்தறது இல்லையாப்பா?" என்றாள் மகள்.

"இதுல என்னம்மா ஏமாத்து? பொண்ணு பாக்க வரும்போது நல்ல புடவை கட்டிக்கறது இல்லையா? வீட்டுக்கு நல்ல நாள் பாக்கறோம்."

டீச்சர் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். பாலர் பள்ளியில் இதைவிடப் பெரிய திட்டங்களையெல்லாம் தினமும் பார்க்கிறவர்.

ஞாயிறு விடிந்தது. ரயில் இல்லை. பிளாட்பாரத்தில் இரண்டு புறாக்கள் மட்டும், தங்களுக்குத்தான் ஸ்டேஷனை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது போல நடை பழகின. வீட்டுக்குள் இதுநாள்வரை எட்டிப் பார்க்காத சத்தங்கள் எல்லாம் விருந்தாளி போல வந்து உட்கார்ந்தன. ஃப்ரிட்ஜ் உறுமியது. குழாய் சொட்டியது. மேல்மாடிக்காரர் ஒற்றைச் செருப்போடு நடக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"எங்கயோ மரம் முறியற மாதிரி கேக்குது."

"அது உங்க தாடைங்க," என்றார் டீச்சர்.

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையே?"

"இத்தனை வருஷமா எனக்குக் கேக்கவே இல்லையே."

அடுத்தது குரல் பயிற்சி. அந்த வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. டீச்சர் விரலை உதட்டில் வைத்து, குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல, பூனை பேசுவது, எலி பேசுவது, எறும்பு பேசுவது என்று படிப்படியாகக் குறைத்துக் காட்டினார். மகள் எலி வரைக்கும் வந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் எவ்வளவோ முயன்றும் மாட்டுக்குக் கீழே இறங்க முடியவில்லை. அவர் ரகசியமாக "வணக்கம்" சொல்லிப் பார்த்தபோது, கீழே தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பதில் வணக்கம் சொன்னார்.

டாக்டரம்மா பஞ்சுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். படி ஏறி வந்த சத்தமே கேட்கவில்லை. கதவைத் திறந்தால் நிற்கிறார். பின்னால் நூலகர். ஆள் பீரோ மாதிரி இருந்தார், குரல் மட்டும் அதன் சாவி மாதிரி. அவருக்கும் பின்னால் சத்தக்காரன், வேர்த்து வழிந்துகொண்டு.

டாக்டரம்மா கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டினார். ஒரு பக்கம் திரும்பிக் கேட்டார். மறு பக்கம் திரும்பிக் கேட்டார். "அமைதியா இருக்கே," என்றார், குறை கண்டுபிடிக்க வந்த இடத்தில் குறை கிடைக்காத ஏமாற்றத்தோடு.

"எப்பவுமே இப்படித்தாங்க," என்றார் கண்ணாடிக்காரர், மாட்டுக் குரலில். டீச்சர் அவர் காலை மிதித்தார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மகள் டீ கொண்டுவந்தாள். டாக்டரம்மா அவளை எடைபோட்டார். முகத்தில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் பிறந்தது.

"எங்க பொண்ணு பொறந்தது, வளந்தது எல்லாம் இந்த வீட்டுலதான். ரொம்ப அமை—"

நிறுத்தினார். ஒரு கை ஜக்குக்குப் போயிற்று, மறு கை கோப்பைக்கு. டீச்சர் எழுந்து போய் ஷோகேஸின் மேல் கைகளை விரித்துச் சாய்ந்தார். மகள் தட்டை வைத்துவிட்டுக் குடும்பப் படத்தை அழுத்திப் பிடித்தாள். மூவரும் சிலை. ரயில் இல்லையே தவிர, அதன் நேரம் அவர்கள் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வராத ரயில் வந்தது, நின்றது, இல்லாத ஆட்களை ஏற்றியது, கதவைச் சாத்தியது, போயிற்று.

"—தியான வீடுங்க," என்று முடித்தார் கண்ணாடிக்காரர். மகள் வந்து உட்கார்ந்தாள். டீச்சரும் உட்கார்ந்து பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

டாக்டரம்மாவும் நூலகரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"என்ன ஆச்சுங்க?" என்று கண்ணாடிக்காரர் உண்மையாகவே திருப்பிக் கேட்டார்.

சத்தக்காரனுக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. மேசைக்கு அடியில் மகளின் காலைத் தட்டுவதாக நினைத்து மேசைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

பேச்சு வேறு பக்கம் போயிற்று. பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குக் காது வலி அதிகமா என்று டாக்டரம்மா விசாரித்தார். "இந்தக் குளிர்காலத்துல நெறைய பசங்களுக்கு—" என்று ஆரம்பித்த டீச்சர் எழுந்து ஷோகேஸுக்குப் போய்விட்டார். மகள் படத்துக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் ஜக்கும் கோப்பையுமாக உறைந்துபோனார். இந்த முறை டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. எழுந்து வந்து கண்ணாடிக்காரரின் மூக்குக்கு முன்னால் கையை ஆட்டினார். அவர் மரியாதையாகப் புன்னகைத்தார், பேசவில்லை. டாக்டரம்மா பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அவர் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். "—சளி புடிச்சுதுங்க," என்று பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு மாதிரி..."

மகளின் முகம் வெளுத்தது. தாங்கள் செய்துகொண்டிருப்பது என்ன என்று மூவருக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. மனைவி வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரரின் வாய், அவரைக் கேட்காமலே, வேலையை ஆரம்பித்துவிட்டது.

"வலிப்பு இல்லைங்க டாக்டரம்மா. அது எங்க பரம்பரைப் பழக்கம். அப்பப்ப எல்லாரும் ஒண்ணா கொஞ்ச நேரம் மௌனமா இருப்போம். மனசு தெளியும்."

"மௌனமா?" டாக்டரம்மாவின் குரல் குழைந்தது.

"மௌனம்தாங்க. என் அப்பா இருப்பார். அவங்கப்பா இருப்பார். அவருக்கும் அப்பா இருந்தார், அவரு பொறந்தப்ப அழவே இல்லையாம்."

"அப்ப அந்த ஜக்கை எதுக்குப் புடிச்சுக்கறீங்க?"

"தண்ணிங்க. எல்லாத்துக்கும் ஆதாரம் தண்ணிதானே."

"அவங்க ஷோகேஸைக் கட்டிக்கிட்டாங்களே?"

"அவளுக்கு..." கண்ணாடிக்காரர் ஒரு கணம் திணறினார். "அவளுக்கு எல்லாப் பொருள் மேலயும் அன்பு."

அன்பே உருவான டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் ஜக்குத் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும்.

ஆனால் டாக்டரம்மா உருகிப்போனார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நான் எங்க வீட்டுல வாயால சொல்லிச் சொல்லி வாங்கற அமைதியை நீங்க தானா வெச்சிருக்கீங்க. எனக்கு வெக்கமா இருக்கு," என்றார். அடுத்த தடவை மூவருக்கும் அந்த நேரம் வந்தபோது, வேண்டுமென்றே செய்ய வேண்டிய கட்டாயத்தில் மூவரும் அசடு வழிய நின்றார்கள். டாக்டரம்மாவோ சர்க்கரைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, அவர்களோடு சேர்ந்துகொண்டார். நூலகர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு. "எனக்கு இருந்த சந்தேகம் போயிடுச்சு," என்று கணவரிடம் திரும்பினார். "சொல்லிடலாமா?"

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வென்றாயிற்று. அவர் மகளைப் பார்த்தார், மகிழ்ச்சியை எதிர்பார்த்து. அவள் படத்தருகே நின்றபடி, புளிப்பு மிட்டாயை விழுங்க முடியாத குழந்தை போல இருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்."

கண்ணாடிக்காரர் புருவத்தால் கெஞ்சினார். மூக்கால் கெஞ்சினார். காதைக்கூட ஆட்டிப் பார்த்தார்.

"அப்பா சொன்னதெல்லாம் பொய் ஆன்ட்டி. பரம்பரையும் இல்ல, மௌனமும் இல்ல. எங்களுக்குப் பேச்சை நிறுத்தவே தெரியாது. அது ரயில்."

"எந்த ரயில்? ஒண்ணுமே வரலையே?" என்றார் டாக்டரம்மா.

உலக வரலாற்றில் முதல்முறையாக, பராமரிப்பு வேலை ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. முடிந்தால் சோதனை ரயில் விட்டுப் பார்ப்பார்கள் என்பது ரயில் கம்பெனியில் வேலை பார்க்கும் சத்தக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். காதலில் மறந்துபோயிற்று.

வந்தது ரயில். சும்மா ரயில் இல்லை. பாரம் தாங்குகிறதா என்று பார்க்க மணல் மூட்டையாக ஏற்றி, மலை ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பியது போல வந்தது. அதோடு, தண்டவாளத்தில் வேலையாள் யாராவது நின்றால் விலகட்டும் என்று விடாமல் ஊதிக்கொண்டே வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. ஷோகேஸுக்குள் பொம்மைகள் கும்மாளம் போட்டன. டாக்டரம்மாவின் டீக் கோப்பை தட்டோடு புறப்பட்டு, நூலகரின் கோப்பையையும் கூட அழைத்துக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போயிற்று. டிரைவர் வழக்கம்போலக் கண்ணாடிக்காரருக்குக் கையசைத்தார். அவரும் பழக்கதோஷத்தில் பதிலுக்கு அசைத்துவிட்டு, அசைத்த கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்தார்.

கண்ணாடிக்காரரும் டீச்சரும் மகளும் தங்கள் தங்கள் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏது? டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டு கணவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நூலகர் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்தது, மார்பு விரிந்தது, வாய் குகை போலத் திறந்தது. தான் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. நூலகத்திலும் வீட்டிலுமாக வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் அவிழ்த்துவிட்டார். கையை வீசிக் கத்தினார். சிரித்துக்கொண்டே கத்தினார். ரயில் போய்விட்டது. அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"—ஒரு பிஸ்கட்டை நறுக்குனு கடிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா!"

அது பிளாட்பாரத்தில் மோதித் திரும்பி வந்தது. புறாக்கள் பறந்தன. நூலகர் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா அவரை, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்பது போலப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் இது தெரியுமா?"

"நான்தான்மா நாள் சொன்னேன்," என்றான் சத்தக்காரன், தரையைப் பார்த்து.

"அப்ப காலைலேர்ந்து நடந்தது பூரா நாடகம். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்." டாக்டரம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலையே என்றிருந்தது கண்ணாடிக்காரருக்கு. சொல்ல ஆயிரம் சமாதானம் நாக்கு நுனியில் வந்து நின்றது. மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை, தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். ஆயிரமும் அப்படியே உள்ளே போய்விட்டன.

"கொஞ்சம் உக்காருங்க," என்றார் டீச்சர்.

"இனிமே என்ன இருக்கு?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? உங்க பையன் கல்யாணமாகித் தனியாப் போயிட்டா யார்கிட்ட 'சத்தம் போடாதே'ன்னு சொல்லுவேன்னு கேட்டீங்களே. எங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ கேக்கவேமாட்டா. உங்களுக்கு நல்லாப் பொழுது போகும்."

டாக்டரம்மா அப்படியே நின்றார். பை தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்தது.

"நான்... அதை ரயில் சத்தத்துலதானே சொன்னேன். எனக்கே கேக்கல. இவருக்கும் கேக்கல."

"உதடு இருக்கேங்க. ரயில் போற நேரத்துல அவசரம்னா நாங்க உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவோம். எதிர் பிளாட்பாரத்துல யாரு வீட்டுல என்ன சண்டைங்கறது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்."

"இன்னும் என்ன சொன்னேன்?" டாக்டரம்மாவின் குரல் சிறுத்துவிட்டது.

டீச்சர் தயங்கினார். மகள்தான் சொன்னாள், தட்டைக் கீழே வைக்காமல். "அவன் இருக்கற வரைக்கும்தான் அது அமைதி, அவன் போயிட்டா அது வெறும் வீடுன்னு சொன்னீங்க ஆன்ட்டி."

நூலகர் வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். "எனக்கு அது கேக்கல," என்றார். "நான் கத்திக்கிட்டு இருந்தேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் டாக்டரம்மா. கண்ணை ஒற்றிக்கொண்டார். ஒற்றி முடித்தபோது அதே கண்ணில் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. டாக்டருக்கு வருகிற வெளிச்சம். "இருங்க. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறதா? என்கிட்ட வர்ற காது கேக்காதவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நான் படாத பாடு படறேன். நீங்க மூணு பேரும் சும்மாவே செய்யறீங்களா?" மகள் பக்கம் நேராகத் திரும்பி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டார்.

மகள் முகம் சிவக்கச் சிரித்தாள். "விடட்டும் ஆன்ட்டி. ரயிலே என்னை எழுப்பினதில்ல. குறட்டையா எழுப்பப் போகுது?"

"அம்மா!" என்றான் சத்தக்காரன்.

டாக்டரம்மா சிரித்தார். முதலில் வெறும் மூச்சாக வந்தது. பிறகு ஒரு சின்ன விக்கல். பிறகு அணை உடைந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பஞ்சுச் செருப்பு தரையில் தட்டத் தட்டச் சிரித்தார். நூலகர் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு பிஸ்கட் ஒன்றை எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். மேல்மாடிக்காரர் இந்தச் சத்தமெல்லாம் தாங்காமல் ஒற்றைச் செருப்பால் தரையைத் தட்டினார்.

"இங்க வா," என்று டாக்டரம்மா மகளை அருகில் இழுத்துக்கொண்டார். "பொய் சொன்ன வீடுன்னு கோவமா எழுந்தேன். ஆனா நான் சரின்னு சொல்லப் போற நேரம் பாத்து உண்மையைப் போட்டு உடைச்சியே, அதுக்கு ஒரு தைரியம் வேணும். எனக்கு மனசாரச் சம்மதம். எப்ப வேணா எங்க வீட்டுக்கு வா, எதை வேணா போட்டு உடை."

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "டாக்டரம்மா, நான் மொதல்லயே சொன்னேன், நீங்க ரொம்ப—"

"உக்காருங்க சம்பந்தி. உங்க கணக்கு இன்னும் முடியல."

உட்கார்ந்தார்.

"பரம்பரைப் பழக்கம்னு சொன்னீங்களே. தாத்தாவோட அப்பா அழாமப் பொறந்தார்னு. அந்த மௌனத்தை நான் முழுசாப் பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா கல்யாணத் தேதியைத் தள்ளி வெச்சுடுவேன்."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார், டீச்சர் விட்டத்தில் எதையோ ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நடுவுல டீ வேணும்னா?"

"கையைக் காட்டுங்க, வரும்."

"தும்மல் வந்தா?"

"மாடிக்குப் போய்த் தும்மிட்டு வாங்க."

"சார் ஏதாவது கேட்டா பதில் சொல்லலைன்னா மரியாதையா இருக்குமா?"

"நான் எதுவும் கேக்கமாட்டேன்," என்று நூலகர் புதுக்குரலில் முழங்கினார்.

வேறு வழி ஏதாவது அகப்படுமா என்று கண்ணாடிக்காரர் அறை முழுக்கத் தேடினார். மகள் டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவ வேண்டிய கண்ணாக இல்லை அது. அவர் பெரிதாக மூச்சை இழுத்தார், ஒரு நீளமான வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். பிறகு, வாயைத் திறக்காமல், தலையை மட்டும் ஆட்டினார்.

"பாருங்க," என்றார் டாக்டரம்மா, "வருதே!"